சர்வர் டவுன்: விழுந்ததை எழுப்பும் காவலின் கதை

"சர்வர் டவுன், நாளைக்கு வாங்க."

ரேஷன் கடை, வங்கி, பத்திரப் பதிவு, உயிர்வாழ் சான்று என்று எங்கே போனாலும் இதைக் கேட்காதவர் நம்மில் யாருமில்லை. எழுத்து வாசனை இல்லாத கிழவிக்கும் இன்று 'சர்வர்' என்றால் என்னவென்று தெரியும்: அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்தவளைத் திருப்பி அனுப்பும் ஏதோ ஒன்று.

ஆனால் பல நேரங்களில் அந்தப் பெரிய இயந்திரம் விழுவதே இல்லை. மின்சாரம் இருக்கும், விளக்குகள் எரியும், மின்விசிறி சுற்றும். உள்ளே ஓசையில்லாமல் ஓடிக்கொண்டிருந்த ஒரு சிறு நிரல் நின்று போயிருக்கும். யாராவது போய் அதை மறுபடி ஓடவிட்டால் ஒரு நிமிட வேலை. அந்த 'யாராவது' சாப்பிடப் போயிருந்தால் நமக்கு ஒரு நாள் போச்சு.

அப்படியானால் நின்றதைத் தானே கண்டுபிடித்து, தானே எழுப்பிவிடும் ஏற்பாடு கிடையாதா? உண்டு. அதன் வரலாறு கணினியைவிடப் பழையது. நான் பொறியாளன் அல்ல, கோப்புகளோடு காலம் தள்ளி ஓய்வு பெற்றவன். கணினித் துறையில் இருக்கும் என் மருமகன் சொல்லித் தந்தது பாதி, நானே தேடிப் படித்தது பாதி. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பின்னணியில் ஓடுவது என்றால் என்ன?

எங்கள் விருத்தாசலத்துக்குப் பக்கத்திலேயே நெய்வேலிச் சுரங்கம் இருக்கிறது. அங்கே பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில், அழுத்தத்தோடு மேலே வரத் துடிக்கும் நிலத்தடி நீர். அதை இரவும் பகலும் பம்புகள் இறைத்துக்கொண்டே இருந்தால்தான் மேலே நிலக்கரியை வெட்ட முடியும். பார்க்கப் போகிறவர்கள் ராட்சத வெட்டும் இயந்திரங்களைத்தான் பார்ப்பார்கள். பம்பை யார் பார்க்கிறார்கள்? அது நின்றால்தான் தெரியும், அது எவ்வளவு பெரிய வேலை செய்துகொண்டிருந்தது என்று.

கணினியிலும் அப்படிச் சில நிரல்கள் உண்டு. திரையில் தெரியாது, யாரும் அவற்றோடு பேசுவதில்லை. அஞ்சலை வாங்கி அனுப்புவது, தகவல் கிடங்கைத் திறந்து வைத்திருப்பது, இணையப் பக்கம் கேட்பவர்களுக்கு எடுத்துக் கொடுப்பது எல்லாம் இவற்றின் பொறுப்பு. 'டீமன்' என்று பெயர். 1963 வாக்கில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஃபெர்னாண்டோ கார்பட்டோ என்பவரின் குழு வைத்த பெயர் இது. இயற்பியலாளர் மாக்ஸ்வெல், ஓயாமல் அணுத்திரள்களைப் பிரித்துக்கொண்டே இருக்கும் ஒரு கற்பனைக் குட்டிப் பூதத்தைப் பற்றி எழுதியிருந்தார். அந்தப் பூதத்தின் பெயர்தான். நம் ஊர் எல்லையில் உட்கார்ந்து ராக்காவல் பார்க்கும் முனியப்பரை நினைத்துக்கொண்டால் போதும், பொருள் பிடிபட்டுவிடும்.

அடுத்த கேள்வி, அந்தக் காவல் பூதத்துக்கு யார் காவல்?

'செத்த மனிதன்' என்ற கருவி

இதற்கு விடை முதலில் ரயிலில்தான் கிடைத்தது. வண்டியை ஓட்டுபவர் நடுவழியில் மயங்கி விழுந்துவிட்டால்? அதற்காக ஒரு கைப்பிடியோ மிதியோ வைத்தார்கள். அதை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். கை நழுவினால் பிரேக் விழும். பிரெஞ்சில் இதை 'ஓம் மோர்' என்பார்கள், செத்த மனிதன் என்று அர்த்தம். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் சில சொற்கள் எனக்கு அந்த மொழியில்தான் முதலில் நினைவுக்கு வரும். ஆங்கிலப் பெயரும் இதே பொருள்தான்.

ஆனால் இதில் ஓர் ஓட்டை இருக்கிறது. மயங்கி விழுந்தவரின் உடம்பு மிதியின் மேலேயே சாய்ந்துவிட்டால் வண்டி ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் அடுத்த தலைமுறைக் கருவி, 'அழுத்திக்கொண்டே இரு' என்று சொல்வதை விட்டு, 'உயிரோடு இருப்பதை அவ்வப்போது காட்டு' என்று கேட்டது.

விருத்தாசலம் சந்திப்பு வழியாக நாள் முழுக்கப் போகும் மின்சார எஞ்சின்களில் இன்று இருப்பது இந்த வகைதான். ஓட்டுநர் வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், ஹாரன் அடிக்கலாம், எதைச் செய்தாலும் கருவி அதைக் குறித்துக்கொள்ளும். சுமார் 60 விநாடி அவர் எதையுமே தொடவில்லை என்றால் ஒரு விளக்கு மினுக்கும். 8 விநாடி போனால் ஒலி எழும்பும். இன்னும் 8 விநாடிக்குள் பொத்தானை அமுக்காவிட்டால் வண்டி தானே நின்றுவிடும்.

கணினிக்குள்ளும் இதே சூத்திரம்தான். உள்ளே ஒரு கடிகாரம் பின்னோக்கி எண்ணிக்கொண்டே வரும். நிரல் நன்றாக ஓடிக்கொண்டிருந்தால், எண்ணிக்கை பூஜ்யத்தைத் தொடுவதற்குள் அதைத் திரும்ப மேலே ஏற்றிவிட வேண்டும். ஏற்றாவிட்டால், நிரல் எங்கோ சிக்கிக்கொண்டது என்று முடிவு செய்து, கடிகாரம் இயந்திரத்தையே முதலிலிருந்து கிளப்பிவிடும். இதற்குக் காவல்நாய் என்று பெயர். பிரெஞ்சிலும் 'ஷியான் து கார்த்', அதே நாய்தான்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். நிரல் 'இருக்கிறதா' என்று பார்ப்பது போதாது, 'வேலை செய்கிறதா' என்று பார்க்க வேண்டும். அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வருகைப் பதிவேட்டில் கையெழுத்து இருக்கும், நாற்காலியில் பை இருக்கும், மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்கும், ஆள் டீக்கடையில் இருப்பார். கணினியிலும் பட்டியலில் பெயர் இருந்துகொண்டு வேலை செய்யாத நிரல்கள் உண்டு. நல்ல காவலாளி பதிவேட்டைப் பார்த்துத் திருப்தி அடைய மாட்டான். ஒரு சின்ன வேலையைக் கொடுத்து, பதில் வருகிறதா என்று பார்ப்பான்.

தொலைபேசி நிலையம் கற்றுக்கொடுத்த பாடம்

தூக்கி நிறுத்தும் கலையை முழுமையாக்கியது தொலைபேசித் துறை. காரணம் எளிது. பழைய ஸ்ட்ரோஜர் நிலையத்தில் 'கடகட'வென்று சுழன்று ஏறும் நூற்றுக்கணக்கான இயந்திரங்கள் இருந்தன. ஒன்று கெட்டால் ஓர் அழைப்பு கெடும், அவ்வளவுதான். அனுபவமுள்ள தொழிலாளி சத்தத்தை வைத்தே எது கெட்டது என்று சொல்லிவிடுவார். கணினி வந்தபோது எல்லா மூளையும் ஒரே இடத்துக்குப் போய்விட்டது. அந்த மூளை நின்றால் ஊர் முழுக்க ஊமை.

1965ல் அமெரிக்காவின் நியூஜெர்சியில் சக்கசன்னா என்ற ஊரில் பெல் நிறுவனம் தன் முதல் பெரிய மின்னணு நிலையத்தை இயக்கியது. அதன் வடிவமைப்பாளர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட இலக்கைப் படித்தபோது எனக்கு மூச்சு நின்றது: 40 ஆண்டில் மொத்தம் 2 மணி நேரம்தான் நிற்கலாம். இதற்காக ஒரே வேலையை இரண்டு செயலிகள் சேர்ந்தே செய்தன, விடைகள் ஒத்துப்போகின்றனவா என்று ஒப்பிட்டுக்கொண்டே இருந்தன. நினைவகத்தில் இருக்கும் கணக்குகளைத் தணிக்கை செய்யவே தனி நிரல்கள் இருந்தன. தணிக்கை என்றுதான் அவர்களும் பெயர் வைத்தார்கள். நம் அலுவலகத்துக்கு ஆண்டுக்கு ஒரு முறை வரும் தணிக்கைக் குழு, அங்கே ஓய்வில்லாமல் வந்துகொண்டே இருந்தது.

1970 ஜனவரியில் பிரான்சின் பிரெத்தாஞ் கடற்கரையில் பெரோஸ்-கிரெக் என்ற சிற்றூரில், குரலை எண்களாக மாற்றிக் காலப் பகிர்வு முறையில் இணைக்கும் நிலையம் வந்தது. உலகில் இவ்வகையில் முதலாவது. அதிலிருந்து வளர்ந்ததுதான் இ10 குடும்பம். இந்தியா அந்தத் தொழில்நுட்பத்தை வாங்கி, உத்தரப் பிரதேசத்தின் மன்காப்பூரில் ஐ.டி.ஐ. தொழிற்சாலையில் இ10பி நிலையங்களைத் தயாரித்தது. நான் படித்த மொழியில் யோசிக்கப்பட்ட இயந்திரம் நம் நகரங்களின் அழைப்புகளை இணைத்தது என்பதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம் உண்டு.

ஆனால் அது நகரத்துக்கான பொருள். குளிர்சாதன அறை வேண்டும், தூசி கூடாது, பொறியாளர் பக்கத்தில் இருக்க வேண்டும். நம் கிராமத்துக்கு அது எப்படிப் பொருந்தும்? 1984ல் தொடங்கப்பட்ட சி-டாட் நிறுவனம் இந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டது. சாம் பிட்ரோடாவின் பெயர் எல்லோருக்கும் தெரியும். 36 மாதம், 36 கோடி ரூபாய் என்று கெடு வைத்துக்கொண்டு இளம் பொறியாளர்கள் இறங்கினார்கள். 1986ல் கர்நாடகத்தில், ராணி சென்னம்மாவின் கித்தூரில், 128 முனைகள் கொண்ட முதல் கிராமியத் தொலைபேசி நிலையம் இயங்கத் தொடங்கியது.

அந்தப் பெட்டியின் பெருமை அதன் அளவில் இல்லை. குளிர்சாதனம் இல்லாத அறையில், நம் வெயிலில், பக்கத்தில் ஆள் இல்லாமல் ஓட வேண்டும் என்று நினைத்தே அதைச் செய்தார்கள். கட்டுப்பாட்டுப் பகுதி இரண்டாக இருந்தது. ஒன்று வேலை செய்யும், மற்றது தயாராக விழித்திருக்கும். முதலாவது கோளாறானால் இரண்டாவது ஏற்றுக்கொள்ளும். பழுது பார்ப்பவர் பஸ் பிடித்து வந்து அட்டையை மாற்றும்வரை ஊர் பேசிக்கொண்டிருக்கும். நள்ளிரவில் பிரசவ வலிக்குக் கார் கூப்பிட ஓடிவந்தவருக்கு, பி.சி.ஓ. பெட்டியில் டயல் ஒலி வந்ததா இல்லையா என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்விக்குத்தான் அந்த இரண்டாவது அட்டை பதில்.

கண்காணிப்பாளர் என்ற நிரல்

சர்வருக்கு வருவோம். யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தில் முதலில் எழுந்திருக்கும் நிரலுக்கு 'இனிட்' என்று பெயர், அதன் வரிசை எண் 1. மற்ற எல்லாமே அதன் பிள்ளை, பேரப் பிள்ளைகள். 1983ல் வந்த சிஸ்டம் ஃபைவ் பதிப்பில் அதன் கையில் ஒரு பட்டியல் கொடுக்கப்பட்டது. எந்த நிரலுக்கு எதிரே 'செத்தால் மறுபடி பிறப்பி' என்று குறிப்பு இருக்கிறதோ, அது நின்ற கணமே இனிட் அதைத் திரும்பக் கிளப்பிவிடும். 1990களின் பிற்பகுதியில் டேனியல் பெர்ன்ஸ்டீன் என்ற கணித அறிஞர் இந்த ஒரு வேலைக்கென்றே சிறு கருவிகள் எழுதினார். 2010ல் வந்த சிஸ்டம்-டி இன்று பெரும்பாலான லினக்ஸ் சர்வர்களில் இந்தப் பொறுப்பைப் பார்க்கிறது.

இதைவிட எனக்குப் பிடித்தது எரிக்சன் நிறுவனத்தின் வழி. 1986 வாக்கில் ஜோ ஆம்ஸ்ட்ராங்கும் சகாக்களும் தொலைபேசி நிலையங்களுக்காக 'எர்லாங்' என்ற கணினி மொழியை உருவாக்கத் தொடங்கினார்கள். அதன் கொள்கை நமக்கு வியப்பாக இருக்கும்: தவறு நேர்ந்தால் அந்தச் சிறு நிரல் சமாளித்துக்கொண்டு அரைகுறையாக ஓட வேண்டாம், விழுந்துவிடட்டும். எழுப்புவதற்கு மேலே ஒருவர் இருக்கிறார். அவருக்கு அவர்கள் வைத்த பெயர் 'சூப்பர்வைசர்'. நம் அலுவலகத் தமிழில் கண்காணிப்பாளர்! அவர் வேறு எந்த வேலையும் செய்வதில்லை. கீழே இருப்பவரைப் பார்ப்பார், விழுந்தால் எழுப்புவார். குறித்த நேரத்துக்குள் குறித்த முறைக்கு மேல் விழுந்தால் தானும் பணியை விட்டுவிட்டு, விஷயத்தைத் தனக்கு மேலே இருப்பவரிடம் தள்ளிவிடுவார்.

இது அப்படியே நம் நினைவூட்டுக் கடிதம்தான். பதில் வரவில்லையா, நினைவூட்டு ஒன்று. பிறகு நினைவூட்டு இரண்டு. அதற்கும் அசையாவிட்டால் நேர்முகக் கடிதம், மேல் அலுவலருக்கு. நூறு நினைவூட்டு அனுப்பிக்கொண்டே இருப்பவர் நல்ல எழுத்தர் அல்ல. இன்று வாட்ஸ்அப்பின் சர்வர்களும் இந்த எர்லாங் மொழியில்தான் ஓடுகின்றன. காலையில் நாம் அனுப்பும் 'இனிய காலை வணக்கம்' படங்களுக்குப் பின்னால் எத்தனையோ கண்காணிப்பாளர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

எழுப்புவதே நோயானால்?

எண்ணிக்கை வரம்பு ஏன் வேண்டும்? நின்ற கணமே எழுப்பு, மறுபடி நின்றால் மறுபடி எழுப்பு என்று போனால், இயந்திரம் எழுப்புவதிலேயே களைத்துப்போகும். அதனால்தான் பழைய இனிட், 'மிக வேகமாகச் செத்துப் பிறக்கிறது, 5 நிமிடம் நிறுத்தி வைக்கிறேன்' என்று எழுதி வைக்கும். சிஸ்டம்-டி வழக்கமாக 10 விநாடிக்குள் 5 முறைவரை பார்க்கும், அதற்கு மேல் கையை விட்டுவிடும்.

வரம்பைவிடப் பெரிய ஆபத்து ஒன்று 1990 ஜனவரி 15 அன்று தெரிந்தது. ஏ.டி. அண்ட் டி. நிறுவனத்தின் நியூயார்க் நிலையம் ஒன்றில் சிறு கோளாறு. விதிப்படி அது சில விநாடிகள் ஒதுங்கி, தன்னைச் சரி செய்துகொண்டு திரும்பியது. திரும்பிய செய்தி அக்கம்பக்கத்து நிலையங்களுக்குப் போனது. சில வாரங்களுக்கு முன் ஏற்றிய புதிய நிரலில் ஒரு வரி இடம் தப்பி இருந்ததால், அந்தச் செய்தியை வாங்கும்போதே அடுத்தடுத்து அழைப்பு வந்த நிலையங்கள் குழம்பி, தாங்களும் ஒதுங்கி எழுந்தன. எழுந்ததும் 'நான் வந்துவிட்டேன்' என்று மற்றவற்றுக்குச் சொல்லின. அவையும் விழுந்தன. 114 நிலையங்கள் இப்படி மாறி மாறி விழுந்து எழுந்துகொண்டிருந்தன. சுமார் 9 மணி நேரம் நாடு முழுக்க நெடுந்தூர அழைப்புகள் திணறின. உண்மையில் எந்த நிலையமும் உடைந்திருக்கவில்லை. குணமாகும் முறையே தொற்றாகிவிட்டது.

இன்னொரு பாடத்துக்கு வெளியூர் போக வேண்டாம், எங்கள் ஊர்ச் சூளையே போதும். விருத்தாசலத்தில் பீங்கான் சுடுபவர்களைக் கேளுங்கள். எரிவாயுச் சூளையில் பர்னர் சுடர் அணைந்துவிட்டால் உடனே தீப்பொறி காட்டக் கூடாது. எரியாத வாயு உள்ளே நிரம்பியிருக்கும். பொறி பட்டால் சூளையே வெடிக்கும். அதனால் சுடரைப் பார்க்கும் பாதுகாப்புக் கருவி முதலில் வாயுவை அடைக்கும். உள்ளே இருப்பதைக் காற்றால் வெளியேற்றிய பிறகுதான் மறுபடி பற்ற வைக்கலாம். சில இடங்களில் எழுப்பாமல் இருப்பதே காவல். பணக் கணக்குப் பார்க்கும் நிரல் பாதியில் நின்றால், பாதிக் கணக்கைச் சுத்தம் செய்யாமல் எழுப்புவதும் இதே கதைதான்.

பதிவேட்டைப் படிப்பவர்

நல்ல உதாரணத்தோடு முடிக்கிறேன். 1997 ஜூலை 4 அன்று செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் கலத்தின் கணினி, சில நாட்களில் அவ்வப்போது தன்னைத் தானே மறுதொடக்கம் செய்யத் தொடங்கியது. காவல்நாய்தான் குரைத்தது. காரணம் என்ன? அவசர வேலை ஒன்றுக்குத் தேவையான பொதுவான பொருள், கடைநிலை வேலை ஒன்றின் கையில் இருந்தது. அந்தக் கடைநிலை வேலையை முடிக்க விடாமல் நடுநிலை வேலைகள் குறுக்கே வந்தன. ஆட்சியர் கேட்கும் பதிவேடு இளநிலை உதவியாளர் மேசையில் இருக்க, அவரை இடையில் உள்ள அதிகாரி தபால் பிரிக்க இழுத்துக்கொண்டு போவது மாதிரி. பூமியில் இருந்த பொறியாளர்கள், தங்களிடமிருந்த இன்னொரு பிரதியில் அதே கோளாறை வரவழைத்து, நிகழ்வுப் பதிவுகளை வரிவரியாகப் படித்துக் கண்டுபிடித்தார்கள். பதிவேட்டை வைத்திருப்பவருக்கு, அதைத் திருப்பித் தரும்வரை, ஆட்சியரின் முன்னுரிமையையே கொடுத்துவிடுவது என்று ஒரு மாற்றம் செய்து வானொலி அலையில் அனுப்பினார்கள். கோளாறு போயிற்று.

காவல்நாய் கலத்தைக் காப்பாற்றியது உண்மை. ஆனால் அது கொடுத்தது அவகாசம் மட்டுமே. குணப்படுத்தியது பதிவேடும், அதை உட்கார்ந்து படித்தவர்களும். எங்கள் பக்கத்து மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் குறையை வாயால் சொன்னால் மட்டும் போதாது என்று, பிராது எழுதி முனியப்பர் சந்நிதியில் கட்டும் வழக்கம் உண்டு. எழுதி வைத்ததற்கு ஒரு கனம் இருக்கிறது, கோப்பில் வாழ்ந்தவனுக்கு அது புரியும்.

இன்றைய சர்வர்கள் பெரும்பாலும் விழுந்த சுவடே தெரியாமல் எழுந்துவிடுகின்றன. அதுவே ஒரு சோம்பலையும் கொடுக்கிறது. இரவில் 12 முறை விழுந்து எழுந்த நிரலைப் பற்றிக் காலையில் யாரும் கேட்பதில்லை, பதிவு மட்டும் வட்டில் கிடக்கிறது. 13வது முறை, மாதத்தின் முதல் வாரத்தில், ரேஷன் வரிசை தெருவரை நிற்கும்போது, அது எழாமல் போகிறது. அன்று கவுன்ட்டரில் இருப்பவரிடம் கோபப்படுவதில் பயனில்லை. அவரும் நம்மைப் போலக் காத்திருப்பவர்தான். நேற்றைய பதிவைப் படிக்க ஒரு நாற்காலியும், அதில் ஓர் ஆளும் இருந்தார்களா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

தொலைபேசித் துறையில் இருந்து, அந்த 128 முனைக் கிராமிய நிலையங்களைப் பராமரித்தவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் அனுபவத்தை எழுதி அனுப்புங்கள். இரண்டாவது அட்டை எத்தனை இரவுகள் ஊரைக் காப்பாற்றியது என்று உங்களுக்குத்தான் தெரியும்.